முள்ளந்தண்டு வடக் காயம்: ஆராய்ச்சி சொல்வதும் விளம்பரம் சொல்வதும்



யாழ்ப்பாணத்திலும் பின்னர் மேற்குச் சிட்னியிலும் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். எமது வானொலியின் சுகாதார நிகழ்ச்சியில் முள்ளந்தண்டு வடக் காயம் பற்றிப் பேசிய பின்னர் பல அழைப்புகள் வந்தன. நேரம் போதாமையால் அன்று விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கு எழுதித் தருகிறேன்.

அழைத்தவர்களில் பிளாக்டவுனில் வசிக்கும் ஒரு தாய். வேலைத்தளத்தில் உயரத்திலிருந்து விழுந்த மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "தங்கச்சி, வீட்டை ஈடு வைச்சு வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டெம் செல் ஏத்தினால் பிள்ளை நடப்பானோ?" என்று கேட்டார். வேறு சிலர் வன்னியில் 2009 இல் செல்வீச்சில் காயமடைந்து இன்றும் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கும் தம் உறவினருக்காக இதே கேள்வியைக் கேட்டனர். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சி எதை நிரூபித்திருக்கிறது, எதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பிரித்து அறிந்தால் எமது பணத்தையும் உழைப்பையும் எங்கே செலவிடுவது என்பது தெளிவாகும்.

வடம் ஏன் தானாக ஆறுவதில்லை?

முள்ளந்தண்டு என்பது எலும்பு. அதன் உள்ளே ஓடும் நரம்புக் கற்றையே முள்ளந்தண்டு வடம். பாடசாலையில் இதை முண்ணாண் என்று படித்திருப்போம். மூளையிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை போவதும், தோலிலிருந்து மூளைக்கு உணர்வு வருவதும் இந்த வழியால்தான். கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும், நெஞ்சிலோ இடுப்பிலோ அடிபட்டால் பெரும்பாலும் கால்களும் பாதிக்கப்படும். சிறுநீர், மலம், தாம்பத்தியம், வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவையும் இந்த வடத்தின் ஆட்சியில் உள்ளவை. பலர் கால்களை மட்டுமே நினைத்துக் கவலைப்படுகின்றனர்.

கையில் வெட்டுண்ட நரம்பு மெல்ல மெல்ல வளரக்கூடியது. வடத்தின் உள்ளே அப்படி இல்லை. அடிபட்ட கணத்தில் ஏற்படும் சேதம் ஒன்று. அதன்பின் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, அழற்சி ஆகியவற்றால் பரவும் சேதம் இன்னொன்று. இறுதியில் அந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. நரம்பு வளர்வதைத் தடுக்கும் இரசாயனங்களும் அங்கே உள்ளன. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தாண்டவேண்டிய தடை ஒன்றல்ல, பல. ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சந்தேகிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

காயம் "முழுமையானதா", "பகுதியானதா" என்று வைத்தியர்கள் பரிசோதிப்பார்கள். கடைசி நரம்புவேர்களில், அதாவது மலவாசல் பகுதியில், சிறிது உணர்வாவது அசைவாவது மிஞ்சியிருந்தால் அது பகுதியான காயம். அவர்களுக்கு மீட்சிக்கான வாய்ப்பு அதிகம். உங்கள் உறவினரின் தரம் என்ன என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வுச் செய்தியைப் படித்தாலும் அது எந்தத் தரத்தினரைப் பற்றியது என்பதே முதற் கேள்வி.

ஓர் அகதி வைத்தியர் மாற்றிய வரலாறு

முதலாம் உலகப் போரில் இக்காயம் அடைந்தவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் வாழவில்லை. அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜேர்மனியில் நரம்பியல் வைத்தியராக இருந்த யூதரான அவர் நாசிகளிடமிருந்து தப்பி 1939 இல் குடும்பத்துடன் இங்கிலாந்தில் தஞ்சமடைந்தார். எம்மைப் போல அவரும் ஓர் அகதி. 1944 இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பேணுவது, எழுந்து உட்கார்ந்து வேலை பழகுவது ஆகியவையே அவர் வழிமுறை. 1948 யூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேருடன் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்றைய பராலிம்பிக்கின் வித்து.

எமது நாட்டவருக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவர் புனர்வாழ்வுச் சிகிச்சை பெற்றது இங்கே, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில். பின்னர் நியூயோர்க்கில் அத்துறையைக் கற்றுத் திரும்பினார். 1966 இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் அவர் தொடக்கிய பணியால் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினர்.

வைத்தியசாலையில் நடப்பவை

முதல் நாட்களைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது? வட அமெரிக்காவில் கழுத்துக் காயமடைந்த 313 பேரிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், வடத்தை அழுத்தும் எலும்பை 24 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சையால் விலக்கியவர்களில் 19.8 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் இரு படி அல்லது அதற்கு மேல் முன்னேறினர். தாமதித்தவர்களில் இது 8.8 சதவீதம். ஆதலால்தான் இங்கு விபத்தில் சிக்கியவரை அருகிலுள்ள வைத்தியசாலையில் நிறுத்தி வைக்காமல், வயதுவந்தோருக்கான விசேட பிரிவுகள் உள்ள ரோயல் நோர்த் ஷோர் அல்லது ரண்ட்விக் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். பிளாக்டவுனிலிருந்து போய்வரத் தூரம்தான். ஆனால் அந்த மாற்றம் நன்மைக்கே.

இன்னொரு பாடமும் உண்டு. 1990 இல் வெளியான ஆய்வின்பின் மெதைல்பிரட்னிசொலோன் என்ற ஸ்ரிரொயிட் மருந்தைப் பெருமளவில் ஏற்றுவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. பின்னர் நன்மை உறுதியில்லை, தொற்று முதலிய தீமைகள் உண்டு என்று கண்டு, 2013 இல் அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை. பெரிய வைத்தியசாலைகளே நம்பிய ஒன்று 20 ஆண்டுகளின்பின் கைவிடப்பட்டதென்றால், பரிசோதிக்கப்படாத சிகிச்சைக்கு வீட்டை ஈடு வைப்பது பற்றி யோசித்துப் பாருங்கள்.

சிட்னியில் கண்டறிந்தவை

எமது ஊரிலேயே நடந்த ஆய்வுகள் எமது பணப்பையைக் காக்கக்கூடியவை. கிரான்பெரி மாத்திரை சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்று மருந்துக்கடையில் வாங்குவோர் பலர். சிட்னியில் முள்ளந்தண்டுக் காயமுற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், கிரான்பெரியும் ஹிப்பியூரேட் மாத்திரையும் தொற்றற்ற காலத்தை நீட்டவில்லை என்று தெரிந்தது. நன்மை தரும் பக்டீரியா அடங்கிய மாத்திரைகளை 207 பேரிடம் பரிசோதித்து 2019 இல் வெளியான ஆய்விலும் பயன் தெரியவில்லை.

மூட்டுகள் இறுகாமலிருக்க நாள்தோறும் கை கால்களை நீட்டிப் பிடிப்பது பற்றியும் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லிசா ஹார்வி தலைமையில் ஆய்வுகள் தொகுக்கப்பட்டன. 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அந்தத் தொகுப்பு 2017 இல் வெளிவந்தது. மூட்டு இறுக்கத்தைத் தடுப்பதில் நீட்டிப் பிடித்தலால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதே அதன் முடிவு. இந்த ஆய்வுகள் ஏழு மாதத்துக்கு உட்பட்டவை. ஆதலால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். "இதற்கு நாங்கள் கொடுக்கும் நேரத்தை வேறு பயிற்சிக்கு மாற்றலாமா?" என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். களைத்துப்போன பராமரிப்பாளருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாவதும் ஒரு நன்மையே.

நடக்க வைக்கும் ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

மூக்கின் உட்பகுதியில் வாசனை நரம்புகளைச் சூழ்ந்துள்ள கலங்கள் வாழ்நாள் முழுவதும் நரம்பு வளர உதவுபவை. அவற்றை எடுத்து வடத்தில் வைக்கும் முயற்சியை மனிதரில் 2002 இல் தொடங்கியவர்கள் பிரிஸ்பேனில் பேராசிரியர் அலன் மக்கே-சிம்மின் குழுவினர். மூவருக்குக் கலங்கள் வைக்கப்பட்டன, வேறு மூவர் ஒப்பிடுவதற்காகப் பின்தொடரப்பட்டனர். மூன்றாண்டுகளின்பின் தீங்கு இல்லை என்று தெரிந்தது. ஒருவருக்குச் சிறிது உணர்வு கூடியது. யாரும் நடக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்து, கலங்களைப் பாலம்போல் வளர்த்து வைத்து, முன்னும் பின்னும் தீவிர பயிற்சி கொடுக்கும் புதிய முதற்கட்டப் பரிசோதனையைக் கிரிபித் பல்கலைக்கழகம் 2025 இல் அறிவித்தது. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பின்னும் இது முதற்கட்டமே.

மின்தூண்டல் இன்னொரு பாதை. 2011 இல் அமெரிக்காவிலும், 2018 இல் அமெரிக்காவிலும் சுவிற்சர்லாந்திலும், வடத்தின்மேல் பொருத்திய மின்முனைகளின் உதவியுடன் சிலர் எழுந்து நின்றனர், தாங்கிப் பிடித்து அடியெடுத்து வைத்தனர். ஒவ்வொருவரின் பின்னாலும் பல மாதப் பயிற்சி இருந்தது. 2024 இல் வெளியான ஆய்வொன்றில் சத்திரசிகிச்சையின்றிக் கழுத்துத் தோலின்மேல் மின்முனை வைத்துக் கைப்பயிற்சி கொடுத்தபோது, 60 பேரில் 72 சதவீதத்தினருக்குக் கையின் பலமும் பயன்பாடும் கூடின. அவ்வாய்வில் தனியான ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அக்கருவிக்கு அனுமதி வழங்கியது. ரண்ட்விக்கில் உள்ள நியூரா ஆய்வு நிலையமும் தோலின்மேலான மின்தூண்டலை நடைப்பயிற்சியுடன் சேர்த்து ஆராய்ந்து வருகிறது.

"மூளையில் சிப் வைத்தால் நடக்கலாமாமே?" என்றும் ஒருவர் கேட்டார். 2024 இல் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட அந்தச் சிப், நினைப்பால் கணினியை இயக்க உதவுவது. வடத்தை ஆற்றுவதல்ல.

நம்பிக்கைக்கு இடமுண்டு என்பதை இவை காட்டுகின்றன. ஒரு விரலால் கரண்டியைப் பிடிக்க முடிவதும், தானே கதீற்றர் வைக்க முடிவதும் கழுத்துக் காயமுற்றவருக்குப் பெரிய விடுதலை.

பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகள்

ஸ்டெம் செல் என்ற சொல் விளம்பரத்தில் வந்தவுடன் அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஆகிவிடாது. வெளிநாடொன்றில் 18 வயதில் மூக்குத் திசுவைத் தன் வடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகளின்பின் அந்த இடத்தில் கட்டியொன்று வளர்ந்து வலி கொடுத்ததாகவும், அதை வெட்டியெடுக்க வேண்டியிருந்ததாகவும் 2014 இல் மருத்துவ இதழில் பதிவானது. அவுஸ்திரேலியாவில் நோயாளியின் சொந்தக் கலங்களைப் பதப்படுத்தித் திரும்ப ஏற்றும் சிகிச்சைகளை 2018 இலிருந்து அரசு கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

ஆகவே கேளுங்கள்:

1. இது பதிவு செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா? பதிவு எண் என்ன? அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் பரிசோதனைப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம்.
2. சிகிச்சைக்கு ஏன் பணம் கேட்கிறீர்கள்? ஒழுங்கான பரிசோதனையில் பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளி பெருந்தொகை கட்டுவதில்லை.
3. எந்தக் கலம், எங்கிருந்து எடுத்தது, எத்தனை பேருக்கு ஏற்றினீர்கள், எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது?
4. முடிவுகள் எந்த மருத்துவ இதழில் வெளியாகின?
5. நாடு திரும்பியபின் காய்ச்சலோ கட்டியோ வந்தால் யார் பொறுப்பு?

அந்தத் தாயும் நானும் இந்த ஐந்தையும் எழுதி, அவருக்கு விளம்பரம் அனுப்பிய நிலையத்துக்கு மின்னஞ்சல் செய்தோம். வந்த பதிலில் விலைப்பட்டியலும் தங்குமிட விபரமும் இருந்தன. ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. அவர் பணம் அனுப்பவில்லை.

வீட்டில் உங்கள் கையில் உள்ளவை

தோல்: படுக்கையில் இருப்பவரைத் தாதியர் சொன்ன ஒழுங்கில் புரட்டுங்கள். நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கொருமுறையேனும் ஓரிரு நிமிடம் முன்னே அல்லது பக்கமாகச் சாய்ந்து எடையை மாற்ற வேண்டும். தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று ஏடுகளில் எழுதியிருக்கும். எமது கரிய தோலில் சிவப்புத் தெரியாது. அயலிலுள்ள தோலைவிடக் கருமை, சூடு, தடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பாரம் விழ விடாதீர்கள், அன்றே தாதிக்குச் சொல்லுங்கள். உணர்வில்லாத மடியில் சூடான தேநீரையோ கஞ்சிக் கோப்பையையோ வைக்க வேண்டாம்.

வெப்பம்: கழுத்து, மேல்நெஞ்சுக் காயமுற்றோருக்கு உடலின் கீழ்ப்பகுதி வியர்க்காது. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவான மேற்குச் சிட்னியில் இது உயிராபத்து. குளிரூட்டி, ஈரத்துணி, நிழல் ஆகியவற்றை ஆயத்தமாக வையுங்கள்.

திடீர் இரத்த அழுத்தம்: நெஞ்சுப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் அது ஓட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா எனப்படும் அவசர நிலை. பனடோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாவிட்டால், அல்லது தலையிடி நிற்காவிட்டால், 000 ஐ அழைத்து இந்தப் பெயரைச் சொல்லுங்கள். பெயரைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால் அவசரத்தில் யாரும் வாசிக்கலாம்.

உரிமைகளும் ஊர் உறவுகளும்

நியூ சவுத் வேல்ஸில் வாகன விபத்தால் கடும் முள்ளந்தண்டுக் காயம் ஏற்பட்டால், பிழை யாருடையது என்று பாராமல் வாழ்நாள் பராமரிப்புத் திட்டம் உதவும். வேலையில் காயமுற்றோருக்கு வேறு திட்டம் உண்டு. என்.டி.ஐ.எஸ். திட்டத்தில் சேரக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் வேண்டும், விண்ணப்பிக்கும்போது வயது 65 க்குக் குறைவாக இருக்க வேண்டும். தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலோ பிரிட்ஜிங் விசாவிலோ இருப்போருக்கு அது கிடையாது. 2023 பெப்ரவரியின் பின் நிரந்தர விசாவுக்கு மாறியவர்கள் முன்னர் மறுக்கப்பட்டிருந்தாலும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் இருப்போருக்குச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 131 450. சிறுநீர், மலம், தாம்பத்தியம் பற்றிய பேச்சில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விட வேண்டாம். அது இரு பக்கத்தாருக்கும் சங்கடம், உண்மையும் மறைந்துபோகும். பராமரிப்பாளருக்கான ஓய்வும் ஆலோசனையும் பெற கேரர் கேற்வே 1800 422 737.

வன்னியில் உறவினர் உள்ளவர்கள் மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்காக இயங்கும் அமைப்பு அது. ஊருக்குப் பணம் அனுப்புமுன், "உங்களுக்கு என்ன தேவை?" என்று பாதிக்கப்பட்டவரிடமே கேளுங்கள். நல்ல இருக்கை மெத்தை, சுத்தமான கதீற்றர், புண்ணுக்கு மருந்து கட்டும் பொருட்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இவை உயிரைக் காக்கும் என்பது குட்மன் காலத்திலிருந்தே நிரூபணமானது.

நடக்க வைக்கும் சிகிச்சை ஒருநாள் வரக்கூடும். அது வரும் நாளில் உங்கள் பிள்ளையின் தோலில் புண்ணின்றி, சிறுநீரகம் பழுதின்றி, மனம் சோராமல் இருந்தால்தான் அதைப் பெறமுடியும். அதற்கான வேலை இன்றிரவு அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதில் இருக்கிறது.

உங்கள் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாத இதழில் சிறுநீர்ப்பைப் பராமரிப்புப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.